பதினேழும் பதினெட்டும் ஒரே பெஞ்சில்

முதலாம் ஆண்டு வகுப்பறை எதையாவது எடுத்துக்கோங்க. ஆகஸ்ட் மாசம். அறுபது பேர் உட்கார்ந்திருக்காங்க. அதில் ஒரு பகுதிக்குப் பதினெட்டு வயசு முடிஞ்சிருக்கும். மீதிப் பேருக்கு இன்னும் சில வாரமோ சில மாசமோ பாக்கி. ஒரே பெஞ்ச், ஒரே லேப், ஒரே மெஸ் சாம்பார். ஆனா இந்தியச் சட்டத்தின் கண்ணில் இந்தப் பக்கம் இருப்பவர் பெரியவர், அந்தப் பக்கம் இருப்பவர் குழந்தை. 'குழந்தை' என்று சொன்னால் அந்தப் பதினேழு வயசுக்காரர் முறைப்பார். முறைச்சாலும் சட்டம் அப்படித்தான் சொல்லுது.

நம்மில் பெரும்பாலானவர்கள் இந்தக் கோட்டை ஓட்டர் ஐடி, டிரைவிங் லைசென்ஸ் என்ற இரண்டு விஷயத்துக்காக மட்டும் ஞாபகம் வச்சிருப்போம். கோட்டைத் தாண்டியதும் நமக்கு உரிமைகள் மட்டும் வரல, சில கடமைகளும் வந்து ஒட்டிக்கிட்டிருக்கு. அதை யாரும் கேக் வெட்டும்போது சொல்றதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்சம் ஊர் சுற்றி வரணும்.

அரசியலமைப்பு பற்றிய கட்டாயப் பாடம் ஒன்று நம்ம எல்லாருக்கும் இருக்கும். மார்க் கணக்கில் வராது என்பதால் கடைசி பெஞ்சில் ரெக்கார்டு எழுதும் நேரம் அது. உலகச் சட்ட முறைகள் எத்தனை வகை என்று கேட்டால் சிவில் லா, காமன் லா, மதச் சட்டம், வழக்காற்றுச் சட்டம், எல்லாம் கலந்த கலப்பு முறை என்று ஐந்தாகப் பிரிச்சு எழுதுவோம். நமக்குப் புரியும் மொழியில் சொன்னால், சிவில் லா என்பது முழு ஸ்பெசிஃபிகேஷனையும் முதலிலேயே எழுதி வைக்கிறது. பிரான்சில் நெப்போலியன் 1804-ல் அப்படி எழுத வச்சார். ஜெர்மனியின் சிவில் கோட் 1900-ல் நடைமுறைக்கு வந்தது. நீதிபதி அந்தப் புத்தகத்தைத் திறந்து, பொருந்தும் விதியை எடுத்துப் போடுவார். காமன் லா இங்கிலாந்துச் சரக்கு. ஒவ்வொரு வழக்கும் ஒரு பேட்ச். முந்தைய தீர்ப்பு அடுத்த நீதிபதியைக் கட்டும். பல நூறு வருஷத்துப் பேட்சுகள் சேர்ந்ததுதான் சட்டம்.

புத்தகத்தில் இந்தியாவைக் காமன் லா பெட்டியில் போட்டிருப்பாங்க. நிஜத்தில் அவ்வளவு சுத்தமாக இல்லை. நம்ம பழைய தண்டனைச் சட்டத்தை 1860-லும் ஒப்பந்தச் சட்டத்தை 1872-லும் பிரிட்டிஷ்காரர்களே கோட் மாதிரி எழுதிக் கொடுத்துட்டாங்க. கல்யாணம், சொத்து, வாரிசு என்று வந்தால் மதவாரித் தனிச் சட்டங்கள். கோவாவில் போர்ச்சுகீசியர்களின் 1867 சிவில் கோட் வழிவந்த குடும்பச் சட்டம். இவ்வளவு ஏன், ஈசிஆர்ல பஸ் ஏறினா மூணு மணி நேரத்தில் போயிடற புதுச்சேரியில், 1881-ல் வந்த பிரெஞ்சு ஆணையின்படி தங்கள் தனிச் சட்டத்தைக் கைவிடுகிறோம் என்று எழுதிக் கொடுத்த தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. ரெனோன்சான் என்று பெயர். அவர்களின் வாரிசுகளுக்குக் கல்யாணத்துக்கும் சொத்துக்கும் பிரெஞ்சு சிவில் கோட்தான். அதாவது புதுச்சேரியில் ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு இரண்டு நாட்டுச் சட்டம்.

சரி, இதுக்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம்?

எந்தப் பெட்டியில் போட்டாலும் எல்லாச் சட்ட முறையிலும் பொதுவான ஒரு விஷயம் இருக்கு. சட்டம் பேசத் தெரிந்தவருக்காக எழுதப்பட்டது. கையெழுத்துப் போடணும், மனு கொடுக்கணும், வக்கீல் வைக்கணும். குழந்தைக்கு இதில் எதுவும் முடியாது. மைனர் போட்ட ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று 1903-ல் பிரிவி கவுன்சில் சொன்னதை மேனேஜ்மென்ட் பேப்பரில் படிச்சிருப்பீங்க. யாரும் ஒரு சிறுவனை ஏமாற்றி நிலத்தை எழுதி வாங்க முடியாது என்பதால் அது பாதுகாப்பு. அதே நேரம், அந்தச் சிறுவன் தனக்காகத் தானே வழக்குப் போடவும் முடியாது. யாராவது ஒரு பெரியவர் அவன் சார்பாக வந்து நிற்கணும். அந்தப் பெரியவரே தப்புப் பண்ணினவராக இருந்தால்? அப்பாவோ மாமாவோ வாத்தியாரோ? எந்தச் சட்ட முறையையும் நான் எடை போடுவது இந்த ஒரு கேள்வியை வச்சுத்தான்.

ருக்மாபாய் கதையை எடுத்துக்கோங்க. பம்பாயில் பதினோரு வயசில் கல்யாணம் பண்ணி வச்சாங்க. அவர் புருஷன் வீட்டுக்குப் போகல, அம்மா வீட்டிலேயே இருந்து படித்தார். 1884-ல் புருஷன் வழக்குப் போட்டார்: என் மனைவியை என்னுடன் வந்து வாழச் சொல்லுங்கள் என்று. இப்படி ஒரு வழக்குப் போடும் வழி இந்து தர்ம சாஸ்திரத்தில் இல்லை. அது இங்கிலாந்தில் சர்ச் கோர்ட்டுகளிலிருந்து வந்த நிவாரணம். 1885-ல் முதல் நீதிபதி பின்ஹே அதையே சொல்லி வழக்கைத் தள்ளினார். மேல்முறையீட்டில் அது உடைந்தது. 1887-ல், போய் வாழணும், இல்லைன்னா ஆறு மாசம் ஜெயில் என்று உத்தரவு. ஜெயிலுக்கே போறேன் என்றார் ருக்மாபாய். கடைசியில் 1888-ல் பணம் கொடுத்துச் சமரசம் ஆச்சு. அவர் லண்டன் போய் மருத்துவம் படித்து டாக்டராகத் திரும்பினார்.

இதில் எது பழைய முறை, எது நவீன முறை? குழந்தைக் கல்யாணம் நம்ம வழக்கத்திலிருந்து வந்தது. அவரைப் பிடித்து இழுத்த கயிறு இங்கிலாந்திலிருந்து வந்தது. கலப்பு முறை என்று பாடத்தில் ஒரு வரியில் தாண்டிப் போறோமே, அது ஒரு பெண் மேல் விழுந்தால் இரண்டு முறைகளிலும் உள்ள மோசமானது மட்டும் சேர்ந்து விழலாம். அந்த வழக்கு கிளப்பிய சூட்டிலும், அதுக்கப்புறம் கல்கத்தாவில் ஒரு சிறுமி கணவனால் இறந்துபோன அதிர்ச்சியிலும்தான் 1891-ல் உறவுக்கான சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தினாங்க. பத்திலிருந்து பன்னிரண்டு! அதுக்கே நாடு முழுக்க எதிர்ப்பு. திலகரே எதிர்த்தார்.

பக்கத்தில் இலங்கையில் கலப்பு இன்னும் அடர்த்தி. டச்சுக்காரர்கள் விட்டுப்போன ரோமன்-டச்சு சட்டம், மேலே ஆங்கிலேயச் சட்டம், கண்டியச் சட்டம், 1707-ல் டச்சுக்காரர்கள் தொகுக்க வைத்த யாழ்ப்பாணத்துத் தேசவழமை, முஸ்லிம்களுக்குத் தனியாக 1951-ம் ஆண்டுத் திருமணச் சட்டம். 1995-ல் அங்கே பொதுச் சட்டத்தில் கல்யாண வயதைப் பதினெட்டாக்கினாங்க. அந்த 1951 சட்டமோ குறைந்தபட்ச வயது என்று எதையும் வைக்கவில்லை. பன்னிரண்டுக்கும் கீழே என்றால் காதியின் அனுமதி வேணும், அவ்வளவுதான். இதை மாற்றணும் என்று பல வருஷமாகப் போராடுவது அந்தச் சமூகத்துப் பெண்களேதான். வெளியிலிருந்து சட்டத்தைக் குறை சொல்வது சுலபம், உள்ளே இருந்து கேட்பதற்குத்தான் நெஞ்சுரம் வேணும்.

நம்ம பக்கமும் பெருமைப்பட ரொம்ப இல்லை. 1929-ல் சாரதா சட்டம் வந்தப்ப பெண்ணுக்குப் பதினாலு, பையனுக்குப் பதினெட்டு. 1978-ல் அது பதினெட்டு, இருபத்தொன்று ஆச்சு. இப்ப இருக்கும் 2006-ம் ஆண்டுச் சட்டப்படி குழந்தைக் கல்யாணம் பண்ணி வைப்பது குற்றம். ஆனா நடந்த கல்யாணம் தானாகச் செல்லாமல் போகாது! கடத்தல், விற்பனை மாதிரியான சில சூழல்களைத் தவிர, அந்தப் பெண்ணே, அல்லது பையனே, கோர்ட்டுக்குப் போய் 'செல்லாது என்று அறிவியுங்கள்' என்று கேட்கணும். பதினெட்டு முடிந்து இரண்டு வருஷத்துக்குள் கேட்கணும். பதினாறு வயசில் கட்டி வைக்கப்பட்டு, கையில் குழந்தையோடு, மாமனார் வீட்டில் இருக்கும் பெண் கோர்ட் வாசலுக்கு எப்படி வருவாள்? கர்நாடகம் இதைத் திருத்தி, ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று ஆக்கியது. மற்ற மாநிலங்களும் அதைச் செய்யணும் என்பது என் கட்சி. 'ஏற்கெனவே நடந்த கல்யாணத்தில் பிறந்த குழந்தைக்கு என்ன ஆகும்' என்று எதிர்வாதம் வரும். அந்தக் குழந்தையின் உரிமைக்கு இதே சட்டத்திலேயே தனியாகப் பாதுகாப்பு இருக்கு. அதனால் அந்த வாதம் நிற்காது.

இனி காமன் லாவின் நல்ல பக்கம். 1986-ல் எம்.சி. மேத்தா என்ற வக்கீல், சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் குழந்தைகளுக்காக உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார். அந்தக் குழந்தைகளில் ஒருவர்கூட அவருக்கு உறவு இல்லை. பாதிக்கப்பட்டவர்தான் வரணும் என்ற பழைய விதியை நம்ம நீதிபதிகள் அந்தக் காலத்தில்தான் தளர்த்தியிருந்தாங்க. பொதுநல வழக்கு என்று இன்று சாதாரணமாகச் சொல்றோம். குழந்தையைப் பொறுத்தவரை அது உள்ளே வர ஒரு கதவு.

1996 டிசம்பர் 10-ல் தீர்ப்பு. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் ஒரு நல நிதியில் கட்டணும். அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை தரணும், முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்க்கணும். அந்தப் பணத்தின் வட்டி குழந்தை படிப்பதற்கு. 1986-ம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் அப்போது இப்படி ஒரு நிதியே இல்லை, நீதிபதிகள் உருவாக்கினது. கோட் புத்தகத்தை மட்டும் பார்க்கும் நீதிபதியால் இது முடிந்திருக்காது என்று காமன் லா ரசிகர்கள் சொல்வாங்க. ஒத்துக்கறேன். வெறும் தடை போட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதைப் புரிந்துகொண்டு எழுதின தீர்ப்பு அது.

ஆனா ஒரு சின்னக் கணக்குப் போடுங்க. மனு 1986-ல். முக்கியத் தீர்ப்பு 1996-ல். நடுவில் 1990-ல் ஒரு உத்தரவு வந்தது, இருக்கட்டும். மனுப் போட்ட வருஷம் எட்டு வயசாக இருந்து, குச்சி அடுக்கிக்கொண்டிருந்த குழந்தைக்குத் தீர்ப்பு வந்த வருஷம் பதினெட்டு வயசு. தனக்காக எழுதப்பட்ட தீர்ப்பு வரும்போது அது குழந்தையே இல்லை.

கல்வியிலும் இதே கணக்குத்தான். பதினாலு வயசு வரை கல்வி அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1993-ல் சொன்னது. அதை அரசியலமைப்பில் 21-ஏ என்று சேர்த்தது 2002-ல். அதுக்கான சட்டம் 2009-ல். நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. தீர்ப்பு வந்த வருஷம் பிறந்த குழந்தை அப்போது பதினோராம் வகுப்பு முடித்திருக்கும். பெரியவர்களின் வழக்கு பத்து வருஷம் இழுத்தால் அநியாயம் என்கிறோம். குழந்தையின் வழக்கு இழுத்தால் வழக்குக்குரிய குழந்தையே காணாமல் போயிடுது.

இப்ப கல்லூரி வாசலுக்கு வாங்க. டீக்கடையில் டம்ளர் கழுவும் பையனை எல்லாருக்கும் தெரியும். 'தம்பி, ரெண்டு டீ' என்று எத்தனை தடவை சொல்லியிருப்போம். அவனுக்குப் பதிமூணு வயசு என்றால் அவனை வேலைக்கு வைத்தது குற்றம். 2016 திருத்தப்படி ஆறு மாசம் முதல் இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது 20,000 முதல் 50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். அவனுக்குப் பதினைந்து என்றால் குற்றமே இல்லை. டீக்கடை அபாயகரமான தொழில் பட்டியலில் இல்லையே! பதினாலு முடிந்ததும் இலவசக் கட்டாயக் கல்வியும் முடியுது, வேலைத் தடையும் பெரும்பாலும் முடியுது. ஒன்பதாம் வகுப்பில் படிப்பை விட்டவனுக்கு இரண்டு சட்டமும் ஒரே நாளில் கைகழுவி விடுது.

இன்னொரு ஓட்டை இருக்கு. அதே 2016 திருத்தம், பதினாலு வயசுக்குக் கீழ் இருந்தாலும் ஸ்கூல் நேரத்துக்கு அப்புறமும் லீவிலும் 'குடும்பத் தொழிலில்' உதவலாம் என்கிறது. அபாயகரமான தொழிலாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். குடும்பம் என்றால் யார்? அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, தம்பி, தங்கையோடு அப்பாவின் உடன்பிறப்பு, அம்மாவின் உடன்பிறப்பு வரை. நம்ம ஊரில் சித்தப்பா, மாமா, அத்தை, பெரியம்மா என்று யாரையாவது ஒருத்தரை இந்தப் பட்டியலில் நுழைக்க முடியாதா? லேபர் இன்ஸ்பெக்டர் வந்து கேட்டால் 'என் அக்கா மகன் சார்' என்றால் போதும். நானும் ஸ்கூல் லீவில் கடையில் பில் போட்டவன்தான், அது எனக்குக் கெடுதல் பண்ணல. ஆனா ஸ்கூல் முடிந்து ராத்திரி பத்து மணி வரை பெட்டி ஒட்டும் பிள்ளையையும் என்னையும் ஒரே வார்த்தையில் அடைக்கும் சட்டம் சரியான சட்டமா?

வயசுக் குழப்பம் இதோடு நிற்கல. குழந்தைகள் உரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கை 1989 நவம்பர் 20-ல் நிறைவேறியது, இந்தியா 1992 டிசம்பரில் இணைந்தது. அதன்படி பதினெட்டுக்குக் கீழ் எல்லாரும் குழந்தை. இளைஞர் நீதிச் சட்டத்துக்கும் போக்சோவுக்கும் பதினெட்டு. கல்விக்குப் பதினாலு. ஐம்பது சிசி-க்குக் கீழே வண்டி ஓட்டப் பதினாறு. பையன் கல்யாணத்துக்கு இருபத்தொன்று. கிரிமினல் பொறுப்பு ஆரம்பிப்பது ஏழு! ஏழு முதல் பன்னிரண்டு வரை, செய்தது என்னவென்று புரியும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்கணும். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி பதினாறிலிருந்து பதினெட்டுக்குள் கொடுங்குற்றம் செய்தால், முதல்கட்ட மதிப்பீடு செய்து பெரியவர் மாதிரி விசாரிக்கலாம். ஒரே கான்ஸ்டன்ட்டை ஒவ்வொரு ஃபங்ஷனிலும் வேற வேற மதிப்புக்கு டிக்ளேர் பண்ணினால் கம்பைலர் சும்மா விடுமா?

ஒரே எண் எல்லாத்துக்கும் பொருந்தாது என்பது புரியுது. வண்டி ஓட்டும் முதிர்ச்சி வேற, கல்யாண முதிர்ச்சி வேற. என் கோபம் அதில் இல்லை. செலவு அரசுக்கு என்று வந்தால் வயசு குறையுது, தண்டனை என்று வந்தாலும் வயசு குறையுது. அந்தப் பொருத்தம்தான் உறுத்துது. இவ்வளவுக்கும் இந்தியாவில் குழந்தைகளுக்கென்று முதன்முதல் தனிச் சட்டம் போட்ட மாகாணம் நம்ம சென்னை மாகாணம், 1920-ல். குற்றம் செய்த குழந்தையைப் பெரியவர்களோடு ஜெயிலில் அடைக்கக் கூடாது என்ற எண்ணம் இங்கே நூறு வருஷத்துக்கு முன்னாடியே சட்டமாகியிருக்கு.

சாட்சிக் கூண்டுக்கு வருவோம். சட்ட முறைகளின் வித்தியாசம் நிஜமாகவே குழந்தையைத் தொடும் இடம் இதுதான். காமன் லாவில் வழக்கு என்பது இரண்டு தரப்பு மோதல், நீதிபதி அம்பயர். எதிர்த்தரப்பு வக்கீலின் வேலை சாட்சியைக் குறுக்கு விசாரணையில் உடைப்பது. 'நேற்று ஒண்ணு சொன்னே, இன்னிக்கு ஒண்ணு சொல்றே' என்று நாற்பது வயசுக்காரரையே தடுமாற வைப்பாங்க. எட்டு வயசுக் குழந்தை என்ன பண்ணும்? சிவில் லா நாடுகளில் பொதுவாக நீதிபதிதான் கேள்வி கேட்பார், விசாரணையை அவர்தான் நடத்துவார். போக்சோ சட்டம் 2012-ல் வந்தப்ப நம்ம ஆளுங்க ஒரு நல்ல காரியம் பண்ணினாங்க. 33-வது பிரிவு: வக்கீல் குழந்தையிடம் நேரடியாகக் கேள்வி கேட்கக் கூடாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்கணும், நீதிபதி குழந்தையிடம் கேட்பார். மிரட்டும் கேள்விகளை அனுமதிக்கக் கூடாது. குழந்தையைத் திரும்பத் திரும்ப வரவழைக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது. வாக்குமூலம் வாங்க வரும் போலீஸ் யூனிஃபார்மில் வரக் கூடாது. காமன் லா நாடு ஒன்று, குழந்தைக்காக மட்டும், சிவில் லா பாணியைச் சத்தமில்லாமல் எடுத்துப் பொருத்தியிருக்கு.

இந்தக் கடன் வாங்கல் எதிர்த் திசையிலும் நடந்திருக்கு. ஐஸ்லாந்தில் 1998-ல் பார்னாஹூஸ் என்று தொடங்கினாங்க, அதாவது குழந்தைகள் வீடு. பாதிக்கப்பட்ட குழந்தை போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டாம். சாதாரண வீடு மாதிரி இருக்கும் ஓர் இடத்தில், பயிற்சி பெற்ற ஒருவரிடம் பேசினால் போதும். பக்கத்து அறையில் வக்கீல்களும் அதிகாரிகளும் திரையில் பார்ப்பாங்க. அதைப் பதிவு செய்து விசாரணைக்குப் பயன்படுத்துவாங்க. ஐடியா எங்கிருந்து வந்தது? காமன் லா நாடான அமெரிக்காவில் இருந்த குழந்தை மையங்களிலிருந்து. அந்த அமெரிக்காவோ குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இன்னும் ஏற்று உறுதி செய்யாத ஒரே ஐ.நா. உறுப்பு நாடு. நல்ல நாடு, கெட்ட நாடு என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது.

அடிக்கிற விஷயமும் அப்படித்தான். ஸ்வீடன் 1979-லேயே வீட்டில் பெற்றோர் அடிப்பதையும் சட்டத்தால் தடுத்தது, உலகிலேயே முதலாவதாக. இங்கிலாந்தில் 'நியாயமான தண்டனை' என்ற பழைய காமன் லா சாக்கு இன்றும் பெற்றோருக்கு உண்டு. ஸ்காட்லாந்து 2020-லும் வேல்ஸ் 2022-லும் அதை ஒழிச்சுட்டாங்க. நம்ம ஊரில் கல்வி உரிமைச் சட்டம் ஸ்கூலில் அடிப்பதைத் தடுக்குது. வீட்டில்? 'அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டாங்க' என்று பழமொழியே வச்சிருக்கும் ஊர் நாம. இதைத் தனிக் கட்டுரையாகவே எழுதணும்.

இப்ப அந்தப் பதினேழு வயசுக்குத் திரும்புவோம். பேச யாரும் விரும்பாத விஷயம் ஒன்று இருக்கு. முதலாம் ஆண்டில் பத்தொன்பது வயசுப் பையனும் பதினேழரை வயசுப் பெண்ணும் காதலிக்கிறாங்க, உறவு வரை போயிடுது. பெண் வீட்டார் புகார் கொடுக்கிறாங்க. போக்சோவில் அவள் சம்மதத்துக்கு மதிப்பே இல்லை, ஏன்னா அவள் குழந்தை. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனை பத்து வருஷம். குற்றம் நிரூபணமானால் நீதிபதியே நினைத்தாலும் குறைக்க முடியாது. சென்னை உயர் நீதிமன்றம் 2019-லும் 2021-லும் இந்த மாதிரி வழக்குகளில், இளவயதுக் காதலைத் தண்டிக்க இந்தச் சட்டம் எழுதப்படவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. சட்ட ஆணையம் 2023-ல் தன் 283-வது அறிக்கையில் வயதைக் குறைக்க வேண்டாம், ஆனா பதினாறு முதல் பதினெட்டு வரையிலான வழக்குகளில் தண்டனையில் நீதிபதிக்கு வரையறையோடு கூடிய விருப்புரிமை தரலாம் என்றது.

எனக்கு இன்னொரு வழி பிடிக்குது. கனடாவில் சம்மத வயது பதினாறு. பதினாலு, பதினைந்து வயசுக்காரர்களுக்கு எதிராளி ஐந்து வயசுக்குள் பெரியவராக இருந்தால் விதிவிலக்கு உண்டு. ஆனா அந்த ஆள் ஆசிரியர், கோச் மாதிரி அதிகாரத்தில் இருப்பவர் என்றால் விதிவிலக்கு கிடையாது. அந்த வயசுகளை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லல. வயசு வித்தியாசம், அதிகாரம் என்ற இரண்டு அளவுகோலையும் நம்ம சட்டத்துக்குள் கொண்டுவரலாம். பக்கத்து பெஞ்சில் இருப்பவரையும், ட்யூஷன் வாத்தியாரையும் சட்டம் பிரித்துப் பார்க்கத் தெரிஞ்சுக்கணும். 'காதல்' என்ற பெயரில் பதினேழு வயசுப் பெண்ணை முப்பது வயசுக்காரன் மயக்குவதும் நடக்குது, அதனால்தான் வயதை மொத்தமாகக் குறைக்க எனக்கு மனசு வரல. இதில் உங்களுக்கு வேற கருத்து இருந்தால் ஆசிரியர் குழுவுக்கு எழுதுங்க. ஆனா திருத்தம் வரும் வரை இன்றைய சட்டம் இதுதான். உங்கள் ஹாஸ்டல் நண்பனுக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்க.

ஃபோனும் அப்படித்தான். குழந்தைகளைப் பாலியல் ரீதியாகக் காட்டும் வீடியோவைத் தன் மொபைலில் வைத்திருந்து தனியாகப் பார்த்தது குற்றமில்லை என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது. அந்தச் செய்தி ஹாஸ்டல் குரூப்களில் சிரிப்பு எமோஜியோடு சுற்றியது. 2024 செப்டம்பர் 23-ல் உச்ச நீதிமன்றம் அதை உடைத்தது. அதை 'ஆபாசப் படம்' என்று சொல்வதே தப்பு, ஒரு குழந்தை சுரண்டப்பட்டதன் பதிவு என்று சொல்லுங்கள் என்றது. மேல் கோர்ட் தீர்ப்பு கீழ் கோர்ட்டைக் கட்டும் என்று ரெக்கார்டு எழுதிக்கொண்டே கேட்டோமே, அதன் அர்த்தம் இதுதான். ஜனவரியில் படித்த செய்தியை நம்பி இன்றும் ஃபைலை வைத்திருப்பவருக்கு அந்தத் தீர்ப்பு கை கொடுக்காது. ஏதாவது குரூப்பில் அப்படி வந்து விழுந்தால் அதை யாருக்கும் அனுப்பாமல் சைபர் க்ரைமில் புகார் கொடுங்க.

ஆரம்பத்தில் சொன்ன கடமை இனித்தான். போக்சோ 19-வது பிரிவு: ஒரு குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, எவரும் போலீஸிடம் சொல்லணும். 'எவரும்' என்றால் நீங்களும்தான். தெரிந்தும் சொல்லாவிட்டால் 21-வது பிரிவில் ஆறு மாசம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். இந்தத் தண்டனை குழந்தைக்குக் கிடையாது. அதாவது பதினெட்டாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் வரை நீங்கள் சொல்லாமல் இருந்தால் குற்றமில்லை. மறுநாளிலிருந்து குற்றம். நல்லெண்ணத்தில் சொன்ன தகவல் பின்னால் நிரூபணமாகாவிட்டாலும் உங்கள் மேல் வழக்கு வராது என்று அதே 19-வது பிரிவு சொல்லுது.

எங்கே வரப்போகுது நமக்கு இதெல்லாம் என்று தோணும். என்.எஸ்.எஸ். முகாமுக்கு ஏழு நாள் ஒரு கிராமத்து ஸ்கூலில் தங்குறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறோம். குழந்தைகள் அப்பா அம்மாவிடம் சொல்லாததை 'அண்ணா', 'அக்கா'விடம் சொல்லும். நமக்கும் அவங்களுக்கும் அஞ்சாறு வயசுதானே வித்தியாசம். அப்படி ஒரு குழந்தை உங்களிடம் ஏதாவது சொன்னால், நீங்களே துருவித் துருவி விசாரிக்காதீங்க. சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே குறிச்சு வச்சுக்கோங்க. அந்த வீட்டுக்குப் போய்ப் பஞ்சாயத்துப் பண்ணாதீங்க. 1098-க்கு கால் பண்ணுங்க, அல்லது போலீஸுக்குப் போங்க. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோகணும் என்று சட்டம் சொல்லுது. டீக்கடைத் தம்பிக்கும் இதே நம்பர்தான்.

கோபத்தில் அந்தக் குழந்தையின் ஃபோட்டோவை ஸ்டேட்டஸில் மட்டும் போட்டுடாதீங்க. பேர், ஸ்கூல், தெரு என்று எதையும். 'நியாயம் வேண்டும்' என்று ஹேஷ்டேக் போட்டாலும் சரி, இளைஞர் நீதிச் சட்டம் 74-வது பிரிவில் அது குற்றம்: ஆறு மாசம் வரை ஜெயில், அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஏற்கெனவே போட்டிருந்தால், இதைப் படிச்சு முடிச்சதும் போய் டெலீட் பண்ணிட்டு வாங்க.